ஏரிக்கரையிலிருந்து ஆறாம் வகுப்புக்கு

பிள்ளை பிடிக்கிறவர்களுக்கு அடுத்தபடி ஊர் நாய்கள் அதிகம் குரைப்பது எங்களைப் பார்த்துத்தான். இருளர் குடியிருப்புகளில் படிப்பை விட்ட பிள்ளைகளைத் தேடிப் பள்ளியில் சேர்ப்பது என் வேலை. உங்களில் யாராவது இதைச் செய்திருந்தால், வாசலில் நின்று குரல் எழும்பாமல் தொண்டையைச் செருமும் சங்கடம் புரியும்.

போகும் வழியில்

உத்திரமேரூரிலிருந்து பஸ் போகாத ஓர் ஏரிக்கரையில் அஞ்சலையின் வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தால், அந்தக் கரையிலிருந்து பெரிய பள்ளிக்குப் போகும் முதல் பெண் அவள்தான். அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது, களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த நிலக்கார அம்மா என்னை நிறுத்தினார்.

"நீ பாட்டுக்கு இட்டுக்கினு பூட்டா நாத்து நட யார் வருவா? படிச்ச பொண்ணு, இதுகூடவா தெரியாது?"

காற்று வரும் இடம்

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போனேன். பின்னால் ஜன்னலோரம், தனி பெஞ்சில் அஞ்சலை. மற்றவர்கள் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று கேட்க, மணி அடிக்கும்வரை வராந்தாவில் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆசிரியை கோபப்படவே இல்லை.

"யாரும்மா பிரிச்சு வெச்சது? நல்லா காத்து வரட்டும்னு உக்கார வெச்சிருக்கேன். எல்லாருக்கும் இந்த எடம் கெடைக்குமா?"

அவசர வேலை

சத்துணவு அறையில் பாம்பு வந்தது. பாடத்தின் நடுவே அஞ்சலையை எழுப்பி, பாம்பு பிடிக்கத் தெரிந்த அவள் அப்பா மாரியைக் கூட்டிவர அனுப்பினார்கள். அவர் வந்து பிடித்துக்கொண்டு போனார். அதன்பின் விறகுக்குள் ஓணான் அசைந்தாலும் அஞ்சலைதான் ஓட வேண்டும்.

கணக்குத் தேர்வன்றும் ஓடினாள். திரும்பி வருவதற்குள் தாளை வாங்கிவிட்டார்கள். பாதியில் எழுந்து போனதற்குத் திட்டு வேறு. இப்படி ஓடவிட்டால் அவள் படிப்பு என்னாகும் என்று தலைமையாசிரியரிடம் இந்த முறை ஒத்திகை பார்க்காமலே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"அந்தப் பொண்ண நாங்க விட்டுடுவோமா? அது இல்லாட்டி ஸ்கூலே நடக்காதும்மா."

ஓர் அதட்டல்

மறுநாளிலிருந்து அஞ்சலை பள்ளிக்கு வரவில்லை. தேடிப் போனேன். வாசலில் வயல் நண்டு கழுவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

அந்த வீடுகளில் பிள்ளைகளை யாரும் அடிப்பதில்லை. பிடிக்காததைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. தெரிந்தும் மாரியிடம் கெஞ்சினேன். "அண்ணா, நீங்க ஒரு அதட்டு போட்டா வந்துடுவா."

மாரி அவள் விட்டுப் போன நண்டுச் சட்டியை நிழலுக்கு நகர்த்தினார். "அங்க அதட்றாங்கன்னுதான் வூட்டுக்கு வந்துகீது. நானும் அதட்னா அது எங்க போவும், டீச்சர்?"

பிள்ளையைப் பள்ளியோடு சேர்க்க என்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்; பள்ளியைப் பிள்ளையோடு சேர்க்கத்தான் இன்னும் ஆள் எடுக்கவில்லை.