திமிங்கலம் மூச்சுவிட்ட மதியம்

உப்புப் படிந்த இரும்புக் கம்பியின் பிசுபிசுப்பும், அதன்மேல் அடித்திருந்த வெள்ளைப் பெயின்டின் வாடையும் ஒருமுறை கையில் ஒட்டிக்கொண்டால், பாவாடையில் எவ்வளவு துடைத்தாலும் போகாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் போகும் கப்பலின் மேல்தளத்தில் அந்தக் கம்பியை ஒரு கையாலும் அம்மாவின் முந்தானையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, கடலில் என்ன தெரிகிறது என்று கண் வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் என்னுடைய நான்காம் வகுப்புக் கோடை விடுமுறை. தாயில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்த எனக்கு அதுவரை கடல் என்பது பாடப்புத்தகத்தில் நீல மை பூசிய இடம். ஐப்பசியில் கண்மாய் நிறைந்தால் அதுவே எங்களுக்குப் பெருந்தண்ணீர்.

எங்களை அந்தக் கப்பலில் ஏற்றியது மாமாவின் சாவு. மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தாயில்லாத அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அம்மா. பட்டாசுக் கம்பெனியில் சரவெடிக்குச் "சரம்" பின்னிக்கொண்டிருந்த அவள்தான், வேலையில்லாமல் ஊர் சுற்றிய தம்பியை ஃபோர்மேனிடம் சொல்லி அங்கேயே வெடிமருந்து கலக்கும் "மருந்து ரூமில்" சேர்த்துவிட்டாள். அந்த ஆண்டு பங்குனி வெயிலில் ஒரு முற்பகல் அந்த அறை வெடித்தது. மாமா உடனே சாகவில்லை. மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், உடம்பெல்லாம் கட்டுப் போட்டு, பேச்சுமில்லாமல் கண்ணும் திறக்காமல், மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு சில நாள் கிடந்தார். அம்மா அந்த மூச்சைக் கேட்டபடி கட்டிலோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ வற்புறுத்தி டீ குடிக்க அழைத்துப் போனபோது, அவள் திரும்பி வருவதற்குள் அது நின்றுபோயிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு பொங்குவாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள். வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஒருநாள் விடிகாலையில் ஊர்க்கிணற்று மேட்டில் அவள் தனியாக நின்றதைப் பார்த்து அய்யா கூட்டிவந்தார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். கிணற்றில் அவளுக்கு என்ன வேலை என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. போர்ட் பிளேயரில் கொத்தனார் வேலை பார்க்கும் பெரியப்பாவோடு இருந்த பெரியம்மாவுக்குப் போன் போட்டார். "கண்ணு மறைவா கொஞ்ச நாளு இங்கன வந்து இருக்கட்டும், கூட்டிட்டு வாங்க" என்றாள் பெரியம்மா. விருதுநகரில் ரயிலேறினோம்.

கப்பல் கரையை விட்டு விலகியதும் முதலில் விழுந்தது அய்யாதான். லாரியில் பண்டல் பண்டலாக லோடு ஏற்றி இறக்கும் அந்த மனிதர், கீழ்த்தளத்தில் வரிசையாகப் போட்டிருந்த படுக்கைகளில் ஒன்றில் சுருண்டு, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு தலையே தூக்கவில்லை. டீசல் நாற்றம் தாங்காமல் அம்மா மேலே போக எழுந்தபோது அவர் என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார்:

"ஏத்தா மாரி, அம்மாவ விட்டு நகராத. மீனு காட்டுறேன்னு சொல்லி அவ சேலையப் புடிச்சுக்கோ. எங்கன போனாலும் கூடவே போகணும், என்ன?"

எனக்குக் காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது என்பதுதான் அந்த விடுமுறையின் பயம்.

மேல்தளத்தில் எங்களுக்குத் துணையாக வந்து சேர்ந்தார் ஓர் அக்கா. ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து, போர்ட் பிளேயரில் தையல்கடை வைத்திருந்தவர். தண்ணீரிலிருந்து கூட்டமாக எழும்பி, வெயிலில் மின்னிக்கொண்டு வெகுதூரம் மிதந்து போய் மறுபடி உள்ளே செருகிக்கொண்டவை மீன்கள்தான், "கோலா" என்று அவர்தான் சொன்னார். கப்பலோடு போட்டி போட்டுத் துள்ளி வந்த டால்பின்களை "ஓங்கில்" என்றார். ஒரு பெரிய ஆமை, சாப்பிட்டு முடித்த தட்டைக் கவிழ்த்துவிட்டதுபோல, அலையின்மேல் அசையாமல் போனது. ஒவ்வொன்றுக்கும் நான் "அங்கன பாரும்மா! இந்தா, இந்தப் பக்கம்!" என்று கூவினேன். ஒன்றுமே தெரியாதபோதும் கூவினேன். வெறும் நுரையை ஆமை என்றேன், மேகத்தின் நிழலைச் சுறா என்றேன். அம்மாவின் கண்கள் என் விரல் காட்டிய திசைக்குப் போய், எதையும் எடுத்துக்கொள்ளாமல் திரும்பி வந்து, கப்பலின் அடியில் கிழிபடும் கருநீலத் தண்ணீரிலேயே விழுந்துகொண்டிருந்தன.

மறுநாள் மதியம், சாப்பாட்டுக்குப் பலரும் கீழே போயிருந்த நேரத்தில், எஞ்சின் நின்றது. காலுக்கடியில் ஓயாமல் இருந்த அதிர்வு அற்றுப்போனதும் தளமே கைவிட்டதுபோல் இருந்தது. ஒலிபெருக்கியில் இந்தியில் ஏதோ சொன்னார்கள். "ஏதோ ரிப்பேராம், சரிபண்ணிருவாங்களாம்" என்று சொல்லிவிட்டு அக்கா விசாரிக்கப் போனார். காற்றில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அம்மா மெல்ல நடந்து, ஆளில்லாத பின்பக்கத்துக்குப் போனாள். முந்தானையை விடாமல் நானும் போனேன். அங்கே கம்பியின் கீழ் வரிசையில் அவள் வலது காலைத் தூக்கி வைத்தாள்.

எனக்குக் கூவ வரவில்லை. ஆமை, சுறா எதுவும் வாயில் வரவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மிக அருகில், மிகப் பெரிதாக, அடைபட்டிருந்த ஒரு நெஞ்சு திறந்துகொண்டதுபோல், நீளமாக ஒரு மூச்சு. பிறகு உள்ளே இழுக்கும் ஓசை. பிறகு அமைதி.

அம்மாவின் உடம்பு விறைத்தது.

"யாரு?" என்றாள்.

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் பேசிய முதல் சொல் அது. மறுபடியும் மூச்சு வந்தது. இந்த முறை தண்ணீர் புகைபோல மேலே பீய்ச்சி எழுந்தது. அதன் கீழே கறுத்து, நனைந்து, முடிவில்லாமல் நீண்ட ஒரு முதுகு உருண்டது. அழுகிய மீன் வாடை எங்கள்மேல் வந்து படிந்தது. நான் அதுவரை காட்டிய எல்லாப் பொய்களையும்விட அது பெரிதாக இருந்தது. அம்மா காலைக் கீழே இறக்கினாள். அப்படியே தளத்தில் உட்கார்ந்து, கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்துக் கேட்டாள். பார்த்தாள் என்று சொல்ல முடியாது, கண்ணை மூடியிருந்தாள். அது மூச்சுவிடும்போதெல்லாம் அவளும் விட்டாள். அது நிறுத்தும்போது அவளும் நிறுத்தி, அடுத்தது வருகிறவரை காத்திருந்தாள். கடைசியில் அந்த முதுகு உயர்ந்து வளைந்து உள்ளே போனது. வெகுநேரம் காத்தும் மூச்சு வரவில்லை.

"போயிட்டான்" என்றாள் அம்மா. ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் வராத அழுகை அங்கே வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினார். அழுது ஓய்ந்தபின், என் கையில் சுற்றியிருந்த முந்தானையைப் பார்த்து அம்மா கேட்டாள்:

"ஒங்கய்யா ஒன்னயக் காவலுக்கு விட்டாகளா?"

தலையை ஆட்டினேன். அவள் முந்தானையை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்தாள். துணி இறுகிய இடம் சிவந்து தடித்திருந்தது. அதன்மேல் எச்சில் தொட்டுத் தடவினாள். "எந்திரி. அய்யா ஒண்ணுமே சாப்பிடல, கஞ்சி கெடைக்குதான்னு பாப்போம்" என்றாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் வரை பெரியம்மா வீட்டில் இருந்தோம். ஊர் திரும்பிய அம்மா மறுபடி பட்டாசுக் கம்பெனிக்குள் கால் வைக்கவில்லை; விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போனாள். பேச்சும் வந்தது, சில நாள் சிரிப்பும் வந்தது. எங்கேயாவது தூரத்தில் "டம்" என்று கேட்டால் மட்டும் கிள்ளிய மிளகாயைக் கையில் வைத்தபடி, வெகுநேரம் காதைக் கொடுத்து நின்றிருப்பாள்.

அந்தக் கப்பல் இப்போது ஓடவில்லை. உடைக்கக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. தையல்கடை அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அய்யா இல்லை. சென்ற ஆண்டு பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தாள். துக்கத்துக்கு நானும் அம்மாவும் விமானத்தில் போனோம். ஜன்னலுக்குக் கீழே கடல் ஒரு சுருக்கமும் இல்லாமல், உயிரே இல்லாததுபோல் கிடந்தது. இத்தனை காலமாகக் கேட்காததை அங்கே வைத்துக் கேட்டேன்.

"அன்னைக்கு எதுக்கும்மா அந்தக் கம்பியில காலு வச்ச?"

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"தெரியலத்தா. அது வராம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."