டீசலுக்கு எதிராக நாற்பது பக்கம்

அன்றைக்கு ஆரணியில் பட்டு கட்டாமல் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தவர் ஸ்வர்ணலதா ஒருவர்தான். கையில் மொய்க் கவர் இல்லை, லேப்டாப் இருந்தது.

எலக்ட்ரிகல் படித்தவர். வயது நாற்பத்தொன்று. வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்காகச் சின்னத் தீவு நாடுகளின் சூரிய மின் திட்டங்களை எழுதித் தருகிறார். பதினோரு வருஷத்தில் ஆறு தீவு. நேரில் பார்த்த கடல் மெரினா மட்டும். இப்போதைய தீவின் மொத்த ஜனமும் நம் கோட்டை மைதானத்தில் அடங்கிவிடும். மாதத்துக்கு ஒரு டீசல் கப்பல். அது வராவிட்டால் விளக்கு இல்லை, ஐஸ் இல்லை, பிடித்த மீன் நாறும். நிதி கேட்கும் மனு மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் இன்னும் மூன்று வருஷம் கப்பல்தான்.

அன்று பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஊரில் கரண்ட் கிடையாது. இன்வெர்ட்டர் பதினொன்றுக்கே படுத்துவிட்டது. லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருஷம். சோலார் எழுதுகிறவர் வீட்டில் சோலார் இல்லையா? வாடகை வீடு. மொட்டைமாடி, வீட்டுச் சொந்தக்காரருடையது; ஆகவே வெயிலும் அவருடையது.

"இன்னாம்மா, பொட்டியத் தூக்கிகினு வர்றீங்க?" என்றார் மண்டப மேனேஜர் சுப்பராயலு.

"ஒரு மணி நேரம் கரண்ட் வேணும்ணே."

"ஜெனரேட்டரு ஏசியவே இழுத்துகினு ஓடுது. உங்க பொட்டி இன்னா தின்னுடப்போவுது? சாப்ட்டுட்டுப் போங்க."

பக்கத்து நாற்காலியிலிருந்த பட்டுப்புடவை கேட்டது: "நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"கரண்டு வூடு," என்றார் ஸ்வர்ணலதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒன்றேகாலுக்கு ஜெனரேட்டர் இருமி நின்றது. திரை கறுத்தது. பந்தியில் சாம்பார் வாளி பாதி வழியில் நின்றது.

"டீசல் தீந்துபோச்சும்மா. ஆள் போயிருக்கான், ஜல்தி வந்துடுவான்," என்றார் சுப்பராயலு.

ஜல்தி என்பது முப்பத்தைந்து நிமிஷம். டீசலே கூடாது என்று நாற்பது பக்கம் எழுதியவர், ஒரு கேன் டீசலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணப்பெண்ணின் அப்பாவும் அதே வாசலைத்தான் பார்த்தார்.

ஒன்று ஐம்பதுக்குக் கேன் வந்தது. மனுவை அனுப்புமுன் பதினேழாம் பக்கத்தைத் திறந்தார். 'விநியோகத் தாமதம் மக்களுக்குச் சிரமம் ஏற்படுத்துகிறது' என்ற வரியை எடுத்துவிட்டு, 'கப்பல் வரும்வரை இங்கே யாரும் எதுவும் செய்வதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று போட்டார். ஒன்று ஐம்பத்தெட்டுக்கு மனு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் சென்னையிலிருந்து கேட்டார்கள்: அந்த வரிக்கு ஆதாரம் என்ன?

'நேரடிக் கள ஆய்வு' என்று பதில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.