இளநீலத்துக்கு எத்தனை முக்கு

என் மனைவி மங்களம், மலேசியாவின் ஈப்போ நகரில் புந்தோங் பகுதியில், எங்கள் வீட்டுப் பின்புறத்தில் 1973 முதல் இந்த 1989 வரை நாற்பத்தொரு பாவுகளுக்கு நீலச் சாயம் போட்டிருக்கிறாள். நாற்பத்தொன்று என்பது என் நோட்டில் உள்ளது. அவளைக் கேட்டால், "ஒரு நாப்பது இருக்கும்" என்பாள்.

அதற்கு முன் நாங்கள் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அவள் பால் வெட்டினாள். நான் ஸ்டோரில் பாலை நிறுத்து எழுதினேன். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபின் ஈப்போவுக்கு வந்தோம். அவள் பிறந்தது சென்னிமலை நெசவாளர் வீட்டில். வாடகை வீட்டின் பின்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் முதலில் தறிக்குத்தான் இடம் அளந்தாள்.

பாவு என்பது துணியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஏறிய பிறகு அதை மாற்ற முடியாது. அதனால் மங்களம் முன்னதாகவே ஒரு செருப்புப் பெட்டி அட்டையில் நூலைச் சுற்றிப் பார்ப்பாள்: பன்னிரண்டு இழை கருநீலம், நாலு இழை இளநீலம். அந்தப் பதினாறு எழுபத்திரண்டு தடவை வந்தால் 1,152 இழை. பெருக்குவது என் வேலை. கோடு எங்கே வரவேண்டும் என்பது அவள் வேலை.

சாயத் தாழியில் நீலக்கட்டி, சுண்ணாம்பு, குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம். எல்லாம் புளித்துக்கொண்டே இருக்கவேண்டும்; புளிப்பு நின்றால் தாழி செத்துவிட்டது என்பாள். நூல் தாழிக்குள்ளிருந்து வரும்போது பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். ஒருமுறை அமிழ்த்தி எடுப்பது ஒரு முக்கு; முக்குவது நான். அவள் பார்த்து "போதும்" என்பாள். நான் எண்ணிக்கையை எழுதுவேன். 1978இல் புதுத் தாழி வைத்தபோது இளநீலத்துக்கு இரண்டு முக்கு, கருநீலத்துக்கு எட்டு.

1981இல் இளநீலம் மூன்றானது. மறு வருடம் நாலு.

"ஏங்க, இன்னும் பச்சையாவே இருக்கே" என்பாள். நான் பார்க்கும்போது அது நல்ல நீலமாக இருக்கும். சுண்ணாம்பு கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாள். பிறகு பைப் தண்ணீரைத் திட்டினாள்.

பக்கத்து வீட்டு மாரியம்மா வேலிக்கு அந்தப் புறமிருந்து சிரித்தாள். "அக்கா, அண்ணன் பச்சையா தெரியாத வரைக்கும் கவலை இல்லலா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மங்களத்தின் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குமேல் பார்வை போய்விட்டது. கடைசிவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று மங்களம் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதனால், "எத்தனை ஆச்சு?" என்று அவள் கேட்கும்போது நான், "ரெண்டு" என்றேன். நோட்டில் ஐந்து என்று எழுதினேன். நோட்டில் பொய் எழுத எனக்குக் கை வராது. வாய்க்கு அந்தச் சிரமம் இல்லை.

1984 மார்ச்சில் ஒரு பாவை ஏற்றி ஒரு முழம் நெய்திருந்தாள். மாரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, கோடு எங்க? ஒரே கறுப்பால்ல இருக்கு?"

மங்களம் துணிமேல் விரலை ஓட்டினாள். "வெச்சேனே. நாலு நாலு இழையா வெச்சேனே." என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு முக்குன்னுதானே சொன்னீங்க?"

நான் நோட்டை எடுத்துவந்து வாசித்தேன். எண்பத்தொன்று, மூன்று. எண்பத்திரண்டு, நாலு. எண்பத்துமூன்று, ஐந்து. இந்தப் பாவு, ஏழு. மாரியம்மா சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"வாயில ரெண்டு, நோட்டுல ஏழா?" என்றாள் மங்களம். "கண்ணு போனா போவுது. நீங்க சொன்ன கணக்க நம்பித்தானே நான் கோடு வெச்சேன்?"

அவள் பயந்துவிடக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றேன். பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்று வேளையும் சோறு போட்டாள். கோடில்லாத அந்தப் பாவை முழுவதும் நெய்து முடித்தாள். பன்னிரண்டாம் நாள் காலை சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு?"

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். முதலில் வலது கண்ணில் ஆப்பரேஷன். வார்டுக்குள் போகுமுன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா மாதிரி ஆயிட்டா என்னா செய்வீங்க?"

"தறிகிட்ட உக்கார வெச்சு, ஒவ்வொரு இழையா உன் கையில எடுத்துக் குடுப்பேன்" என்றேன்.

"அப்பவாச்சும் நெஜக் கணக்கு சொல்லுங்க" என்றாள். பிறகு, "தாழிய சாக விட்டுறாதீங்க. இளநீலத்துக்கு நூல் எடுத்து வெச்சிருக்கேன், போட்டு வைங்க."

நான் 1978ஆம் வருடக் குறிப்பைப் பார்த்து இரண்டு முக்கு போட்டு, நிழலில் உலர்த்தி வைத்தேன்.

ஆறு வாரம் கழித்துத்தான் கண்ணாடி கிடைத்தது. பாட்டில் அடிபோலக் கனமான கண்ணாடி. வீட்டுக்கு வந்ததும் மங்களம் அதை மாட்டிக்கொண்டு முதலில் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"என்னாங்க, இவ்ளோ நரைச்சிருச்சா?"

"நீ சரியா பாத்து நாலு வருசம் ஆச்சுல்ல?" என்றேன்.

கொடியில் கிடந்த நூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "எத்தனை?"

"ரெண்டு. சத்தியமா ரெண்டு."

"பத்தாது. ஒரு முக்கு குறையுது."

"எழுபத்தெட்டுல ரெண்டுதான் இருக்கு."

"எழுபத்தெட்டுல தாழி புதுசு. இப்ப அது உங்கள மாதிரி. மூணு வேணும்."

நூலைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவளே தாழியில் அமிழ்த்தினாள். வெளியே எடுத்தபோது பச்சை. இருவரும் குனிந்து நின்றோம். "ஓரத்துல வருது பாருங்க" என்றாள். எனக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொட்டச் சொட்ட நூல் முழுதும் நீலமாயிற்று. அந்த நாலு வருடப் பழக்கத்தில், அடுத்த முக்குக்காக என் கை தானாக நூலை நோக்கிப் போனது.

மங்களம் நீலம் படிந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதுங்க" என்றாள்.