ஆண்கள் வார்டில் ஒரு பெண் குரல்

இதைப் புளுகு என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மார்த்தா பொய் சொல்கிற ரகம் இல்லை. பேய் என்று யாராவது வாயெடுத்தாலே "போங்கடா, வேலையைப் பாருங்க" என்று விரட்டுகிறவள். அவளுக்கே நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

1931. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில், பர்மா ரோட்டை ஒட்டிய ஒரு முதியோர் இல்லம். கணவனை இழந்த மார்த்தா அங்கே ஆயாவாகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இந்த வேலையும் போனால் இரண்டு பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஆண்கள் வார்டைச் சுற்றி வந்து, "வலி இருக்கா?" என்று கேட்பது அவள் வேலை. இருக்கிறது என்றால் மருந்துக்குப் பொறுப்பான டிரசர் பெர்னார்ட் அபின் கலந்த சொட்டு மருந்து கொடுப்பார். ஆனால் பாவம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்த மருந்து சாகப்போகிறவர்களுக்குத்தான் என்று அவர்களுக்குக் கிலி. "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். மார்த்தாவும் நோட்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. மணி 3.05. முதல் கட்டிலில் பாக்கியநாதன்.

"தாத்தா, வலி இருக்கா?"

"இருக்கு. இடுப்புல."

மார்த்தா நிமிர்ந்து பார்த்தாள். கிழவர் கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அது ஆண் குரலாகவும் இல்லை... ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வெளியே ஈ காக்கை இல்லை.

3.08. அடுத்த கட்டிலில் சுலைமான்.

"பாய், வலி..."

"இருக்கு. முழங்கால்ல."

பெண் குரல்தான். அவள் காதோரத்தில். சுலைமானின் உதடு அசையவே இல்லை.

மார்த்தாவின் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது.

3.10. மூன்றாவது கட்டில். அவள் கேட்கவே இல்லை.

"இருக்கு."

நான்காவது...

"இருக்கு."

ஐந்து... ஆறு...

"இருக்கு... பெர்னார்ட் தம்பிகிட்ட சொல்லு."

"இயேசுவே!" என்று அலறியவள், ஓடாமல் பாக்கியநாதனைப் புரட்டிப் பார்த்தாள். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். சுலைமானின் முழங்கால் நாவல்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது. குளிப்பாட்டுகிற ஆள் இதையெல்லாம் யாரிடமும் சொல்லவே இல்லை.

டிரசர் அறைக்கு ஓடினாள்.

"ஐயா, எல்லாருக்கும் மருந்து கொடுங்க."

"யாரு கேட்டா? கேட்காம கொடுக்க முடியாதுலா."

"அவங்க கேட்கமாட்டாங்க. வந்து உடம்பைப் பாருங்க. அப்புறம் என்னை வேலையை விட்டு அனுப்புங்க!"

முணுமுணுத்துக்கொண்டே வந்த பெர்னார்ட், புண்ணையும் வீக்கத்தையும் பார்த்ததும் மருந்துப் பாட்டிலை எடுத்துவரத் திரும்பி ஓடினார். ஒவ்வொருவருக்கும் சொட்டு மருந்து கொடுத்தார். 4.20-க்கு வார்டில் குறட்டைச் சத்தம் கேட்டது. மார்த்தாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"யாரும் சொல்லாம உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ஒரு பொம்பளை சொன்னா. பெர்னார்ட் தம்பிகிட்ட சொல்லுன்னா."

பெர்னார்டின் முகம் வெளிறியது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னைத் தம்பின்னு கூப்பிட்டது இங்க ஒருத்திதான். ரோசலின் அக்கா. போன வருஷம் பெண்கள் வார்டுல செத்துட்டாங்க."

மருந்துப் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"தொண்டையில புத்து. கடைசி மூணு மாசம் குரலே போயிடுச்சு. தினமும் நான்தான் வலி இருக்கான்னு கேட்டேன். பதில் வரலை. அதனால... ஒரு நாள்கூட மருந்து கொடுக்கலை."