பாலுக்கு ஒரு ரேட்

முழுப்பரீட்சை லீவில் சொந்த ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு நாயை எங்கே விடுவது என்பதே பெரிய பாடு. எங்கள் பிளாக்கில் பலரும் கம்மாபுரம் பக்கத்து காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மெலிந்த ஆள். இமை முடியெல்லாம் சுரங்கத்துத் தூசி. எந்த நாயைக் கண்டாலும் முதலில் உள்ளங்கையை லுங்கியில் துடைத்து அதன் மூக்கருகே நீட்டுவார். அது முகர்ந்து முடிக்கும்வரை யாரிடமும் பேச மாட்டார்.

விலையும் சொல்ல மாட்டார். எனக்கு அதுதான் எரிச்சல்.

"நியாயமா ஒரு ரேட் சொல்லுப்பா. ஆளாளுக்குத் தோணினதக் குடுத்தா எப்படி?" என்றேன், எங்கள் நாயைக் கூட்டிப்போக வந்தவரிடம்.

"இங்க அது என்னா சாப்புடுதுங்க?"

"தினம் பால். ஞாயித்துக்கிழமை கறி."

அவர் நாயையே பார்த்தார். "அது பால் குடிக்கிறத எங்க வூட்டுல புள்ளைங்க பாத்துக்கினு இருக்குமேங்க. அதுக்கு என்னா ரேட்டு சொல்றது?"

பால் காசோடு நானாக ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது நாய் கொழுகொழுவென்று இருந்தது. அவர் மடியிலிருந்து சில்லறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது எதுக்கு?"

"தெனம் அது பால்ல கொஞ்சம் எங்க சின்னதுக்கு ஊத்திட்டேங்க. அழுவுது, என்னா பண்றது? அதுக்கு எவ்ளோ புடிக்கணும்னு தெரியல. நீங்களே நியாயமா ஒரு ரேட் சொல்லுங்க சார்."

நாய் அந்த உள்ளங்கையைச் சில்லறையோடு சேர்த்து முகர்ந்துகொண்டிருந்தது. அந்த ரேட் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.