த்வெயிட் என்ற பெயரும் நான் கிழித்த தாளும்

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், கால்சாப் பகுதியில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நாலு வருடம் ஓர் ஆங்கிலேய முதியவரைப் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பலேர்மோக்காரியைக் கலியாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டார். நான் வேலைக்குச் சேர முதலே அந்த அம்மா இறந்துபோனார். காலையில் அவரைக் குளிக்கவார்த்து, முகம் மழித்து, பல்கனிக் கதிரையில் இருத்துவேன். பிறகு அவர் தன் கொப்பியைத் திறப்பார்.

அந்தத் தடித்த கொப்பி முழுவதும் அவருடைய குடும்பப் பெயரைப் பற்றியதுதான். த்வெயிட். அது மூலத்தில் ஆங்கிலச் சொல்லே அல்ல என்று பெருமையாகச் சொல்வார். ஆயிரம் வருடத்துக்கு முன் நோர்வேப் பக்கமிருந்து கப்பலேறி, அயர்லாந்தில் தங்கி, பிறகு இங்கிலாந்தின் வடமேற்கு மலைகளில் குடியேறிய சனத்தின் சொல்லாம். காடு வெட்டித் திருத்திய நிலத்துக்கு அவர்கள் வைத்த பெயர். நிலத்தின் பெயர் ஊருக்கு வந்தது; அந்த ஊரிலிருந்து புறப்பட்டவனுக்கு அதுவே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. நோர்வே என்றதும் அங்கே அகதியாகப் போன என் மச்சானைப் பற்றிச் சொன்னேன். கனநேரம் சிரித்தார்.

நான் வன்னியில் பிறந்தவன். என் அப்பாவும் காடு வெட்டித்தான் எங்கள் காணியை எடுத்தார். அதைச் சொன்ன அன்று அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "அப்ப உம்முடைய குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

என் பெர்மெசோவில், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையில், குடும்பப் பெயர் என்று இருப்பது என் அப்பாவின் பெயரல்ல. யுத்தம் முடிந்த கையோடு நான் இன்னொருவனின் பாஸ்போட்டில் வந்தவன். அது அவனுடைய அப்பாவின் பெயர். அந்த இரண்டு பேரையும் நான் கண்டதே இல்லை. வயலுக்குச் சொந்தக்காரன் என்று அர்த்தம் என ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் அதை அப்படியே கொப்பியில் எழுதினார். அடுத்த வாரம், இங்கிலாந்தில் பெயர்களை ஆராயும் தன் பழைய மாணவர் ஒருவருக்கு என் பெயரைப் பற்றி எழுதிக் கேட்கப்போவதாகச் சொன்னார்.

பெயர் என்னுடையதல்ல என்று வெளியே வந்தால் பெர்மெசோ போய்விடும் என்று பயந்தேன். இப்போது யோசித்தால் அந்தக் கடிதத்தால் ஒன்றும் நடந்திராது. அன்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் என் பெயர் எழுதிய தாளைக் கொப்பியிலிருந்து கிழித்து எடுத்தேன்.

வேலை முடிந்து படியிறங்கும்போதுதான் மறுபக்கத்தைப் பார்த்தேன். பென்சிலால் எழுதிய பெயர்களும் வருடங்களும். முன்னொரு காலத்தில் அவரும் மனைவியும் அந்த வடமேற்கு மலைப்பக்கத்துத் தேவாலயம் ஒன்றுக்குப் போனபோது, பழைய பதிவேட்டிலிருந்து அவருடைய மூன்று தலைமுறையை மனைவி பார்த்து எழுதியது. அதைப் பற்றி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். திரும்பி ஏறியிருக்கலாம். ஏறவில்லை. துறைமுகப் பக்கம் நடந்து, தாளைச் சுக்கலாக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மறுநாள் காலை முழுக்கத் தேடினார். கண்டீரா என்று கேட்டார். இல்லை என்றேன். கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"நான்தான் கிழிச்சிருப்பன் போல. ஞாபகமே இல்லை."

அதுவரை மூக்குக்கண்ணாடியை மட்டும் தேடிய மனிதர் அதற்குப் பிறகு தன் ஞாபகத்தையே நம்பவில்லை. மாத்திரை போட்டேனா, சாப்பிட்டேனா என்று என்னைக் கேட்கத் தொடங்கினார். மகளுக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். மகள் இங்கிலாந்திலிருந்து வந்து, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, அப்பாவுக்கு மறதி இருக்கிறதா என்று விசாரித்தார். கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

மூன்று நாளில் எல்லாம் முடிவாகிவிட்டது. தகப்பனைத் தன் ஊருக்குக் கூட்டிப்போய் முதியோர் இல்லத்தில் விடுவது, இந்த வீட்டை விற்பது.

அன்று மத்தியானமே ஒரேத்தோத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கறிச்சட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தாள் தனக்கு மூளை கலங்கீட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்குது. நீங்கள் இஞ்சை வந்து சோறு தின்னுறியள்."

அடுத்த நாள் முகம் மழித்துத் துவாயால் துடைத்த பிறகு அவருக்கு முன்னால் குந்தியிருந்து சொன்னேன். "நான்தான் கிழிச்சனான்." பாஸ்போட் கதையையும் சொன்னேன். அவர் பெயர்க் கதையைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அது அவவின்ர கையெழுத்து" என்றார். பிறகு கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகளிடமும் சொன்னேன். ஒரு தாளால் மட்டும் எடுத்த முடிவல்ல, டிக்கெட்டும் எடுத்தாயிற்று என்றார். போகும் நாளில் அவரை நான்தான் கதிரையோடு தூக்கி மூன்று மாடியும் இறக்கினேன். அவர் கை என் தோளில் இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு மகளிடமிருந்து செய்தி வந்தது. அங்கே மருத்துவர்கள் இரண்டு தடவை சோதித்தார்களாம். வயதுக்கு அவருடைய ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறதாம். அதற்குள் கால்சா வீட்டில் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அவருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மூன்றாவதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை.