நீக்கிலாப்பிள்ளைக்கு வந்த வேலை

கனடாவில் வேரோனிக்கா பார்த்த வேலைகளில் அவளுடைய மனசுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ரொறன்ரோ நகரத்தின் நடுவே ஒரு நூலகத்தின் நிலக்கீழ் அறையில், எப்போதோ செத்துப்போன ஓர் ஆங்கிலேயரின் கடதாசிகளை அடுக்கிவைக்கும் வேலை அது. என்ன செய்வது, அது தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கித் தா என்று 1994ஆம் ஆண்டு முழுக்க அவள் புனித அந்தோனியாரை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆங்கிலேயரின் பெயர் ஹார்கிரேவ். சீனரைப் படிக்கவென்று இங்கிலாந்திலிருந்து முதன்முதல் கப்பலேறியவர்களில் ஒருவர். பாட்டு, சடங்கு, சமையல் என்று கண்டதையும் கேட்டதையும் எழுதித் தள்ளியிருந்தார். எதையும் எறியத் தெரியாத மனுசன். தேயிலைப் பெட்டியில் ஒட்டியிருந்த தாள்கூட அவரிடமிருந்து தப்பவில்லை. ஒஷாவாவில் இருந்த அவருடைய பேத்தியின் மகள் தன் வீட்டை விற்றபோது, பேஸ்மென்டில் கிடந்த பெட்டிகளை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாள். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, மடிப்புகளை நீவி, ஒவ்வொருவர் கடிதத்தையும் அவரவர் பெயரில் ஒரு மட்டைக்குள் வைப்பது வேரோனிக்காவின் பொறுப்பு.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்த வேரோனிக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கலியாணம் கட்டவில்லை. அதைப்பற்றிச் சொந்தக்காரர் கவலைப்பட்டதில் பாதிகூட அவள் கவலைப்படவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் தகப்பனும் அவளுமாகக் குடியிருந்தார்கள். தகப்பன் நீக்கிலாப்பிள்ளை தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். கனடாப் படிவங்கள் எல்லாவற்றிலும் தகப்பன் பெயரே அவளுடைய குடும்பப் பெயராகிவிட்டதால், வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அவளை நீக்கிலாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். அவளும் எழும்பிப் போவாள்.

ஹார்கிரேவுக்குச் சீன நண்பர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அதிலும் லிங் ஷியான், லிங் ஷிபேய், லிங் ஷிமின் என்று ஒரு குடும்பமே எழுதியிருந்தது. வேரோனிக்காவுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. எங்களைப் போலத்தானே, தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. லிங் என்பவருக்கு மூன்று ஆண்பிள்ளைகள். மூன்று பேரையும் சொந்தப் பெயரில் தனித்தனியாகப் பிரித்தாள். இப்படியே மற்றக் குடும்பங்களையும் பிரித்து, பெட்டிக்கொருவராக அனுப்பிவிட்டாள்.

ஹொங்கொங்கில் இருந்து வந்த திருமதி லாவ்தான் அவளுக்கு மேலதிகாரி. அதிகம் பேசாத பெண். ஒருநாள் வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார், மூடினார், கண்ணாடியைக் கழற்றினார். முன்னால் நிற்பது தகப்பன் பெயரல்ல, தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் என்று மெதுவாகச் சொன்னார். குடும்பத்தைச் சேர்த்து வைத்தால்தானே தேடுபவருக்குக் கிடைக்கும்? வேரோனிக்கா தங்கள் ஊர் வழக்கத்தைத் திக்கித் திக்கிச் சொன்னாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

திருமதி லாவ் வேறொரு பெட்டியிலிருந்து, வெட்டும் கொத்துமான ஒரு கடித நகலை எடுத்துவந்து நீட்டினார். ஹார்கிரேவ் சீனாவுக்குப் போன புதிதில் லிங் ஷியானுக்கு எழுதியது. ஒரு வருசமாக உங்களைத் திரு. ஷியான் என்று கூப்பிட்டுவிட்டேன், நீங்களும் மரியாதைக்காகத் திருத்தாமல் இருந்துவிட்டீர்கள், மன்னிக்கவேண்டும் என்று இருந்தது. பின்னால் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று அந்த வெள்ளைக்காரர் நினைத்திருக்கிறார். குருநகர்க்காரி வேறு வழியால் போய் அதே குழியில் விழுந்திருக்கிறாள். பெரிய படிப்பாளியே விழுந்த இடம் என்று அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. லிங் வீட்டாரை மறுபடி ஒரே கூரையின் கீழ் கூட்டிவரும் வேலையைச் சந்தோசமாகவே செய்தாள்.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய தவணை முடிந்தது. நிரந்தரமாக எடுப்பதென்றால் அடுத்த கிழமை நிர்வாகக் கந்தோரிலிருந்து போன் வரும் என்றார் திருமதி லாவ். திங்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் தகப்பனுக்குச் சோறு போடும்போது வேரோனிக்காவின் முகம் தொங்கிப்போயிருந்தது. அவரோ சிரித்த முகத்தோடு நல்ல புளுகத்தில் இருந்தார்.

"இந்த நாட்டிலை வயசுபோனவைக்கு மதிப்பில்லை எண்டு ஆர் சொன்னது? நேற்று நீ கடைக்குப் போனாப்போலை எனக்கு வேலை தரப்போறம் எண்டு ஒரு பெட்டை போன் எடுத்தவள்."

வேரோனிக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "என்ன வேலை அப்பா?"

"நீக்கிலாப்பிள்ளையோ எண்டு கேட்டாள். ஸ்பீக்கிங் எண்டன். லைப்ரரியிலை நிரந்தர வேலையாம். இனி வேலை செய்யிற யோசினை இல்லை, வெரி மெனி தாங்க்ஸ் எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டன். ஏன் பிள்ளை, உனக்கென்ன செய்யுது?"

அவள் போனடிக்கு ஓடினாள். திருமதி லாவ் எடுத்தார். நீங்கள் வேண்டாம் என்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன், எனக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது என்றார். வேலை வேண்டாம் என்ற நீக்கிலாப்பிள்ளை யார் என்பதை வேரோனிக்கா மூச்சு வாங்கச் சொல்லிமுடித்தாள். திருமதி லாவ் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதேயில்லை. வேறு ஒருவரையும் இன்னும் கூப்பிடவில்லை, நாளைக் காலையில் மறுபடி கேட்கச் சொல்கிறேன், இந்தமுறை வேண்டாம் என்று சொல்வதென்றாலும் தயவுசெய்து சரியான ஆள் சொன்னால் போதும் என்றார்.

அடுத்தநாள் காலை போன் மணி அடித்தது. நடந்ததைக் கேட்டதிலிருந்து குற்றவாளி போலப் போனுக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளை ரிசீவரைத் தூக்கினார். இந்த முறை ஸ்பீக்கிங் என்று சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "விச் நீக்கிலாப்பிள்ளை?" என்று கேட்டார்.

மறுமொழியைக் கேட்டுவிட்டு ரிசீவரைக் கையால் பொத்தினார்.

"வேரோனிக்கா, உன்னைத்தான் கேக்கினம்."